மூன்றாம் ஆணி பற்றிய பொலிஸ் பதிவு

கடலுக்குப் பக்கத்தில் இரும்பு கறள் பிடிக்கும் என்பதை நிரூபிக்க எனக்கு ஆறு கிழமை தந்தார்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் குடியிருந்த யாருக்கும் இதை நிரூபித்துக் காட்டத் தேவையில்லை. எங்கள் வீட்டு யன்னல் கம்பியைப் பிடித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தால் போதும். மேசை விசிறி ஒன்றும் எங்கள் வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியின் அடித் தகடு உதிர்ந்துபோய், அதற்குக் கீழே இரண்டு செங்கல் வைத்திருந்தோம். ஆனாலும் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி என்றால் ஆளுக்கொன்று செய்யத்தான் வேண்டும். செய்வதோடு முடியாது, அதைப் பற்றி அறிக்கையும் எழுத வேண்டும்.

விஞ்ஞான ஆர்வத்தில் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். போன தவணை எனக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. விஞ்ஞான மிஸ் முழு வகுப்புக்கும் முன்னால், உமக்கு மனையியல்தான் சரி என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆண்டிலிருந்து ஒரேயொரு அறிக்கை வலயப் போட்டிக்குப் போகும் என்றும் அவர்தான் சொன்னார். அது என்னுடையதாக இருக்க வேண்டும், அதை அவருடைய கையாலேயே ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்பதுதான் என் ஆர்வம் முழுவதும்.

அறிக்கை எழுதுவதற்கு மிஸ் ஒரு விதி சொன்னார். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், காணாததை எழுதக் கூடாது. நான் அதைக் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு கீறி வைத்தேன். அந்த விதியை அவர் சும்மா சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

செய்முறை இலகுவானது. இரண்டங்குல ஆணி ஐந்து. ஐந்தையும் கடலிலிருந்து ஐந்து தூரங்களில் கட்டித் தொங்கவிடுவது. கிழமைக்கு ஒருமுறை போய் எவ்வளவு கறள் என்று பார்ப்பது. முதலாவது ஆணி ரயில் பாதைக்குப் பக்கத்து வேலிக் கம்பியில். இரண்டாவது எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக் கேற்றில். மூன்றாவது ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற இடத்து விளக்குக் கம்பத்தில். நாலாவது வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலோடு நிற்கிற அரசமரத்தில். ஐந்தாவது கால்வாய்ப் பக்கம், நான் ஆணி வாங்கிய அதே இரும்புக் கடையின் பின்கதவில். ஒவ்வொன்றிலும் ஒரு மட்டை, மட்டையில் இலக்கம். கட்டுவதற்கு அம்மாவின் தையல் பெட்டியில் மொத்தமான நூல் சிவப்பில் மட்டும்தான் இருந்தது. தூரத்தை நடந்து காலடியால் அளந்தேன். பிறகு ஒரு வரைபடம் கீறினேன். கடல், ரயில் பாதை, ஒழுங்கை, காலி வீதி, கால்வாய் எல்லாம் போட்டு, ஆணி இருக்கிற ஐந்து இடத்திலும் சிவப்பால் ஒரு புள்ளடி, பிழையான விடைக்குப் போடுகிற மாதிரி. வரைபடத்துக்குத் தனியாகப் பத்துப் புள்ளி இருந்தது.

இது தொண்ணூறுகளில், ரயிலிலும் வீதியிலும் குண்டு வெடித்த காலம். கொழும்பில் தமிழர் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்து ரயில் பாதையும் காலி வீதியும் போட்ட வரைபடத்தில் ஐந்து சிவப்புப் புள்ளடி கீறியிருக்கிறது. எனக்கு அது உறைக்கவேயில்லை. நான் பத்துப் புள்ளியை யோசித்தேன்.

அப்பாவுக்கு உறைத்தது. ஆனால் அவருக்கு முதலில் வந்தது வேறு பிரச்சினை. பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு சிங்கள ஆன்ட்டி. நல்ல மனிசி. வெசாக்குக்குப் பலகாரம் தருவார், சுற்றிவளைப்பு வந்தால் எங்களுக்காக வாசலுக்கு வந்து ஆமிக்காரரோடு கதைப்பார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆணியைக் கட்டியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒரு காலையில் அவர் கேற்றைத் திறந்தால், சிவப்பு நூலில் ஒரு ஆணி, அதில் 2 என்று ஒரு இலக்கம். யாரோ தனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள், இது இரண்டாவது, முதலாவது வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது என்று முடிவெடுத்து, நாள் முழுக்க மெத்தையெல்லாம் பிரித்துத் தேடியிருக்கிறார். பின்னேரம் சூனியம் எடுக்கிற ஒருவர் வந்து பாக்குவெட்டியால் தேசிக்காய் வெட்டினார். ஆணியை ஒரு முழுத் தேசிக்காய்க்குள் ஏற்றி ஏழு நாளைக்கு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா விசயம் அறிந்து என்னையும் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டார். ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, எதற்கும் ஏழு நாளும் முடியட்டும் என்றார். எட்டாம் நாள் ஆணியைத் திருப்பித் தந்தார். அது புளி ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. அவதானிப்பு என்ற பகுதியில் நான் எழுதினேன்: இரண்டாம் ஆணி தேசிக்காய்க்குள் ஏழு நாள் இருந்தமையால் கறுத்துள்ளது.

இரண்டாம் கிழமை மூன்றாம் ஆணியைப் பார்க்கப் போனேன். அந்த விளக்குக் கம்பத்தைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி ஒரு சென்றி, பொலிஸ் காவலரண், போட்டிருந்தார்கள். நான் பொலிஸ் காவலில் ஆணி கட்டவில்லை. ஆணி இருந்த இடத்துக்குப் பொலிஸ் வந்தது. இதை நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

அப்பா ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் பதிவுப் படிவம், வீட்டுக்காரரின் கடிதம், கந்தோர்க் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் ஃபைலில் போட்டு வாசல் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருப்பார். சோதனைக்கு வருகிறவன் வாயைத் திறக்கும் முன்னம் ஃபைலை நீட்டிவிடுவார். கேட்க முன்னம் குடுத்தால் கேள்வி குறையும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் எங்களுக்கு வந்த கரைச்சலைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கை எழுதலாம். இந்த முறையும் அதையேதான் செய்தார். ஒருவருடைய கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஆணியைப் பற்றி, அரை நாள் லீவு போட்டு, பொலிசுக்குப் போய்ச் சொன்னார். நான் எழுதிய அரைகுறை அறிக்கையைத் தானே சிங்களத்தில் மொழிபெயர்த்து, மூன்று பிரதி எடுத்து, என்னையும் சீருடையோடு கூட்டிக்கொண்டு போனார்.

சார்ஜன்ட் வயதான ஆள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோக்கத்திலிருந்து செய்முறை வரைக்கும் விரல் வைத்து வாசித்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

"ஆணியில என்ன கட்டியிருக்கு?"

"நூல், சேர்," என்றார் அப்பா.

"நூல் எங்க போகுது?"

"எங்கயும் போகேல்லை சேர். கம்பத்தில முடியுது."

"அப்ப ஆணி என்ன செய்யுது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான், அது ஒன்றும் செய்யாது, கறள் பிடிக்கும், அவ்வளவுதான் என்றேன். சார்ஜன்ட் மேசையில் இருந்த பதிவுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்தார். அவருக்கு எங்களில் சந்தேகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்பதுதான் அவருடைய தலையிடி. முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுத, முறைப்பாடு இல்லை. தொலைந்த பொருள் புத்தகத்தில் எழுத, ஒன்றும் தொலையவில்லை. நாங்கள் எழும்பிப் போயிருந்தால் அவர் சந்தோசமாக விட்டிருப்பார். அப்பா விடவில்லை. ஒரு பதிவு இலக்கம் இல்லாமல் வீட்டுக்குப் போனால் அவருக்கு நித்திரை வராது. கடைசியில் கண்டெடுக்கப்பட்ட பொருட்கள் புத்தகத்தில் எழுதினார்கள்: ஆணி, இரும்பு, ஒன்று.

எழுதிய பிறகுதான் இன்னொரு சிக்கல். கண்டெடுத்த பொருள் பொலிஸ் பொறுப்பில் இருக்க வேண்டும். கழற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்தால் என் பரிசோதனை போய்விடும். அப்பா ஆணியை அங்கேயே விடும்படி கெஞ்சினார். சார்ஜன்ட் இரங்கி, ஆணி கம்பத்திலேயே இருக்கட்டும், சென்றியில் நிற்கிறவர் பொறுப்பு என்று கட்டளை போட்டார். அன்றிலிருந்து ஆள் மாறும்போதெல்லாம் துவக்கு, ரோச், இரண்டு கதிரை, ஒரு ஆணி என்று எண்ணிக் கையளித்தார்கள். நான் சொல்வது உண்மை. பாடசாலை விட்டு வரும்போது நின்று பார்த்திருக்கிறேன்.

நாலாம் கிழமை யாரோ பெரிய ஆள் காலி வீதியால் போக இருந்தார். அதற்காக வீதியோரத்துப் பீப்பாய், மறியல் கட்டை, கம்பம் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார்கள். பொலிஸ் பொறுப்பில் உள்ள பொருளை அழுக்காக விடலாமா? ஆணிக்கும் அடித்திருந்தார்கள். அதுவும் இரண்டு பூச்சு. காவலில் நின்ற பொடியன் என்னைக் கண்டதும், "நங்கி, தங் ஹொந்தாய்," என்று கம்பத்தைக் காட்டினான். தங்கச்சி, இப்ப நல்லா இருக்கு என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தூதி, நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கோயிலில் இதைவிட மோசம். அரசமரத்தில் சிவப்பு நூலில் ஒன்று தொங்கினால் எங்கள் சனம் அது என்னவென்று கேட்காது, கும்பிடும். முதல் கிழமை மஞ்சள் பூசியிருந்தது. இரண்டாம் கிழமை நல்லெண்ணெய் வைத்திருந்தது. பிறகு பக்கத்திலே யாரோ ஒரு நூல் கட்ட, அதைப் பார்த்து இன்னொருவர் கட்ட, ஐந்தாம் கிழமை போனபோது என் ஆணியைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. அதை நான் கையில் பிடித்துப் பார்க்க, கோயிலுக்கு வந்த ஒரு அம்மா, காலைக் கழுவாமல் தொடாதேயும் பிள்ளை என்று ஏசினார். என்னுடைய ஆணி என்றேன். கடவுளுக்கு வைச்சதை என்ரை எண்டு சொல்லக் கூடாது என்றார்.

கடைசி நம்பிக்கை ஐந்தாம் ஆணி. இரும்புக் கடை நடத்தியவர் ஒரு முஸ்லிம் முதலாளி. அவருடைய ஆணி ஒவ்வொரு கிழமையும் புத்தம் புதிதாக மினுங்கியது. கால்வாய்க் காற்றில் ஏதோ இருக்கிறது, இதைக் கண்டுபிடித்தால் வலயம் என்ன, அகில இலங்கைக்கே போகலாம் என்று நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஐந்தாம் கிழமை, முதலாளி, இது எப்படி என்று அவரையே கேட்டேன்.

அவர் குரலைத் தணித்தார். "மகள், நீங்க இத ஸ்கூல்ல கொண்டுபோய்க் காட்டப் போறீங்க. நம்மட கடைச் சாமான் கறள் புடிச்சா நமக்குத்தானே வெக்கம். நான் கிழமைக்கொரு புது ஆணி மாத்தி வெச்சேன். நீங்க பயப்பட வாணாம்."

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

ஆறாம் கிழமை முடிவு இதுதான். ஒரு ஆணி மட்டும் ஆணி செய்ய வேண்டிய வேலையைச் செய்திருந்தது. ரயில் வேலியில் கட்டிய முதலாவது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அது பாட்டுக்குக் கறள் பிடித்து, தட்டினால் பொரிந்து விழுந்தது. நான் இருந்து பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். கண்டதைக் கண்டபடி. ஒவ்வொரு ஆணிக்கும் என்ன நடந்தது, யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று. முடிவு என்ற இடத்தில், வெள்ளவத்தையில் இப்பரிசோதனையைச் செய்ய முடியாது, ஏனென்றால் மனிதர்கள் ஆணியைச் சும்மா விடமாட்டார்கள் என்று எழுதினேன். அதுதான் நான் கண்டது. இன்றைக்கும் அந்த வசனத்தில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

மிஸ் வாசித்தார். முதலில் அட்டவணையைப் பார்த்தார். கடலுக்குக் கிட்ட நல்ல கறள், தூரப் போகப் போகக் கறளே இல்லை. முகம் மலர்ந்தது. நான் நினைத்த மாதிரியே வந்திருக்கு, கெட்டிக்காரி என்றார். அவர் என்னைக் கெட்டிக்காரி என்றது அதுதான் முதல் தடவை. பிறகு அவதானிப்பை வாசித்தார்.

"நீர் ஏன் பெயின்ற், நல்லெண்ணெய் எண்டெல்லாம் எழுதியிருக்கிறீர்?"

"அதுதானே மிஸ் நடந்தது."

"விடை சரியா வந்திருக்குப் பிள்ளை. சரியான விடைக்குப் பக்கத்தில ஏன் உந்தக் கதையள்? விஞ்ஞானத்தில சனத்தைப் பற்றி எழுதுறேல்லை."

நான் அவருடைய விதியை அவருக்கே திருப்பிச் சொன்னேன். கண்டதைத்தானே எழுதச் சொன்னீங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. இந்தக் கதைகளை வெட்டி எடுத்தால் வலயத்துக்கு உம்மடைதான் போகும், எடுக்காட்டி எரிமலை போகும் என்றார். எரிமலை என்பது இன்னொருத்தி களிமண்ணில் செய்து, அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றிப் பொங்கவைத்த சாமான். எரிமலையை வெல்ல வேண்டும் என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அன்று பின்னேரம் வீட்டில் இருந்து பெயின்ற், நல்லெண்ணெய், தேசிக்காய், புது ஆணி நாலையும் நானே வெட்டினேன். என் கைதான் வெட்டியது. இதில் மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் தப்ப முடியாது.

மிச்சத்தை அப்பா பார்த்துக்கொண்டார். சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார். காவலரண் என்று எழுதக் கூடாது, கம்பம் என்று எழுது. கம்பம் என்றால் எந்தக் கம்பம் என்று கேட்பான், ஓரிடம் என்று எழுது. கோயில் சனம் கூடுகிற இடம், எடு. கடையின் பெயரைப் போட்டால் பாவம் அந்த மனிசனுக்குக் கரைச்சல், எடு. ரயில் பாதை? அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே அடித்தேன். தூரங்களையும் எடுக்கச் சொன்னார். கடலிலிருந்து இத்தனை காலடி என்று யாராவது அளந்து வைப்பார்களா என்று கேட்டார். அட்டவணையில் மட்டும் கிட்ட, தூர என்று இரண்டு சொல்லை விட்டார். செய்முறையின் கடைசி வடிவத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஓரிடத்தில் ஓர் ஆணி தொங்கவிடப்பட்டது. வேறோரிடத்தில் வேறோர் ஆணி தொங்கவிடப்பட்டது. சில காலத்தின் பின் அவை பார்க்கப்பட்டன.

இவ்வளவையும் எடுத்த மனிதர் ஒன்றை மட்டும் சேர்த்தார். உசாத்துணை என்ற தலைப்பில் நான் ஆண்டு பத்து விஞ்ஞானப் புத்தகத்தைப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே இரண்டாவதாகப் பொலிஸ் பதிவு இலக்கத்தை எழுதச் சொன்னார். ஆரும் கேட்டால் காட்டலாம் என்றார். பொலிசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அறிக்கையில் பொலிஸ் பதிவு ஏன் என்று கேட்டேன். அதுக்குத்தான் பிள்ளை என்றார். அவருடைய முகம் வேர்த்திருந்தது. அதைக் கண்டபிறகு நான் இலக்கத்தை எழுதினேன்.

மிஸ் அறிக்கையை ஏற்றுக்கொண்டார். கண்காட்சி அன்று காலையில் நான் பையைத் தூக்கும்போது பார்க்கிறேன், ஐந்தாம் பக்கத்தின் நடுவில் ஓட்டை. அப்பா சவர அலகால் வரைபடத்தை வெட்டி எடுத்திருந்தார். நாலு மூலையும் நேராக, அளவாக. கந்தோர்க் கை அல்லவா. ஓட்டைக்கு மேலே "உரு 1: ஆணிகள் தொங்கவிடப்பட்ட இடங்கள்" என்ற தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே அடுத்த பக்கத்து எழுத்துத் தெரிந்தது. வெட்டிய துண்டைக் கேட்டேன். எரித்துவிட்டேன் என்றார். அடுப்படியில் அம்மா சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்.

கண்காட்சிக்குப் புள்ளி போட மத்தியஸ்தராக வந்தவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒரு தமிழர். அவரும் எங்கள் பக்கம்தான், தெகிவளையில் இருந்து வருகிறவர் என்று மிஸ் சொல்லியிருந்தார். அறிக்கையைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஐந்தாம் பக்கத்தில் நின்றார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"வரைபடம் எங்க பிள்ளை?"

மிஸ் எனக்குப் பின்னால் நின்றார். எலி அரித்துவிட்டது என்று சொல்லும்படி காலையிலேயே சொல்லித் தந்திருந்தார். எலி நேராக வெட்டுமா?

"அப்பா வெட்டி எரிச்சுப்போட்டார், சேர்."

அவர் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பொலிஸ் பதிவு இலக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததைச் சொல்லும் என்றார். சொன்னேன். தேசிக்காய், வெள்ளைப் பெயின்ற், நல்லெண்ணெய், முதலாளி, எல்லாம். பன்னிரண்டு பக்கத்தையும் வாயால் சொன்னேன். மிஸ் இரண்டு தரம் என் பின்னலைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை. அவர் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. முடிந்ததும் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நானெண்டாலும் எரிச்சிருப்பன்."

சொல்லிவிட்டு, வரைபடத்துக்குரிய கட்டத்தில் சைபர் போட்டார். அவதானிப்புக்கும் அறிக்கையில் உள்ளதற்கு மட்டும்தான் புள்ளி. வாயால் சொன்னதற்குக் கட்டம் இல்லை. எனக்கு அந்த மனிதரில் வந்த கோபம் இன்னும் போகவில்லை. விளங்காத ஆளென்றால் மன்னித்திருப்பேன். அவருக்கு எல்லாம் விளங்கியது.

எரிமலை வலயத்துக்குப் போனது. இலங்கையில் எரிமலை கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று வரைபடம் கீறத் தேவையில்லை, ஒருவரும் பயப்படவும் தேவையில்லை. மிஸ் அடுத்த தவணை முடியும்வரை என்னோடு நேரே முகம் பார்த்துக் கதைக்கவில்லை. மனையியல் என்ற சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை.

கண்காட்சி அன்று மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கந்தோருக்குப் போகாமல் நின்றார். சாப்பாட்டுக் கோப்பை முன்னால் இருந்தது, சோறு தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது. பரிசு கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

"வரைபடத்தைப் பற்றி ஆரும் கேட்டவையே?"

பஸ்ஸில் வரும்போது அவரிடம் கேட்பதற்கு நான் நிறைய வைத்திருந்தேன். எரிக்கிறதென்றால் ஏன் என்னைக் கேட்கவில்லை, பத்துப் புள்ளியை யார் தருவது, நானாகப் போய் எந்தப் பொலிசுக்குச் சொன்னேன். அவர் கோப்பை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"ஒருத்தரும் கேக்கேல்லை அப்பா," என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஓம். ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் கறியை ஊற்றிச் சோற்றைக் குழைக்கத் தொடங்கினார்.